மோட்டாருக்கு அருகே வெல்டிங்: மின்னோட்டம் திரும்பும் வழி

வெல்டிங் இயந்திரத்திலிருந்து இரண்டு கேபிள்கள் வெளிவருகின்றன. ஒன்றின் முனையில் ராடைப் பிடிக்கும் ஹோல்டரும், மற்றொன்றின் முனையில் இரும்பைக் கவ்வும் கிளாம்பும் இருக்கும். இரண்டாவது கேபிளைப் பட்டறைகளில் ‘எர்த்’ என்றே அழைக்கிறார்கள். அது பிழையான பெயர்; அந்தப் பிழை பெயரோடு நில்லாமல் வேலை செய்யும் முறைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. எர்த் என்று சொல்லிப் பழகியவருக்கு, தரையோடு தொடர்புள்ள எந்த இரும்பில் மாட்டினாலும் மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். உண்மையில் வெல்டிங் நடப்பதற்கு அந்தக் கேபிள் பூமியைத் தொட வேண்டியதே இல்லை. ஹோல்டர் வழியாகப் புறப்படும் மின்னோட்டம் முழுவதும் வெல்டிங் இயந்திரத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். அது திரும்புவதற்கான பாதைதான் அந்தக் கேபிள். அருகில் மின்மோட்டார் இருக்கும் இடத்தில் வெல்டிங் செய்யும்போது எழும் சேதங்களில் பெரும்பாலானவை, திரும்பும் பாதையைச் சரியாகக் கொடுக்காததால் வருபவை.

இந்த மின்னோட்டம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 3.15 மி.மீ. ராடைக் கொண்டு சாதாரண இரும்பைப் பற்றவைக்கும்போது 100 முதல் 130 ஆம்பியர் வரை ஓடும், 4 மி.மீ. ராடு என்றால் அது 150 ஆம்பியரைத் தாண்டும். ராடுக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்வில்லின் குறுக்கே இருக்கும் மின்னழுத்தமோ 20 முதல் 30 வோல்ட் மட்டுமே. 415 வோல்ட்டில் ஓடும் 10 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று முழுச் சுமையில்கூட ஒரு ஃபேஸுக்கு ஏறத்தாழ 14 ஆம்பியர்தான் எடுக்கும். அதைப் போலப் பத்து மடங்கு மின்னோட்டம், அந்த மோட்டாரின் உடலை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு அரிசி ஆலையில் காற்றூதும் புளோயரின் மோட்டார் உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டில் விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெல்டர் வருகிறார், ஸ்டாண்டு முழுவதும் பெயின்ட் பூசியிருப்பதால் கிளாம்பை அங்கே மாட்டாமல், ஆறேழு அடி தள்ளியிருக்கும் இரும்புத் தூணில் மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். வில் நன்றாகவே எரிகிறது, வேலையும் முடிகிறது. ஆனால் ஸ்டாண்டிலிருந்து தூணுக்கு மின்னோட்டம் எந்த வழியாகப் போனது? துருப்பிடித்த போல்ட்டு இணைப்புகள் வழியாக ஒரு பகுதி போயிருக்கும். மின்சாரம் தடை குறைந்த வழியில் மட்டுமே போகும் என்று பலர் சொல்லக் கேட்கிறோம், அது சரியன்று. திறந்திருக்கும் எல்லா வழிகளிலும் அது பிரிந்து போகும், தடை குறைந்த வழியில் அதிகமாகவும் தடை கூடிய வழியில் குறைவாகவும். துருவேறிய போல்ட்டுகளின் வழியிலான தடை 0.05 ஓம் என்றும், ஸ்டாண்டிலிருந்து மோட்டார் உடல், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங், அந்தத் தண்டான ஷாஃப்ட், அதைப் புளோயரோடு இணைக்கும் கப்ளிங், புளோயர், காற்றுக்குழாய் என்று சுற்றித் தூணை அடையும் வழியின் தடை 0.2 ஓம் என்றும் கொண்டால், 150 ஆம்பியரில் 30 ஆம்பியர் இரண்டாவது வழியில் போகும். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தாம் இவை என்றாலும், இத்தகைய விகிதங்கள் நடப்பில் அரிதானவை அல்ல.

மூன்றாவதாக இன்னொரு வழியும் உண்டு. மோட்டாரின் உடலிலிருந்து பேனலுக்குச் செல்லும் பச்சை நிறப் பாதுகாப்பு எர்த் கம்பி, அங்கிருந்து கட்டடத்தின் இரும்போடும் தொடர்பு கொண்டிருப்பதால், வெல்டிங் மின்னோட்டத்தின் ஒரு பங்கை அதுவும் சுமக்கத் தொடங்கும். ஃபேஸ் கம்பிகளுக்கு ஃபியூஸும் பிரேக்கரும் உண்டு. எர்த் கம்பிக்கு அவை வைக்கப்படுவதில்லை, வைக்கவும் கூடாது. ஆகவே அந்தக் கம்பி சூடாகி அதன் உறை உருகினாலும் எந்தச் சுவிட்சும் விழாது. வெல்டிங் முடிந்த பிறகு மோட்டார் வழக்கம்போல ஓடும். பாதுகாப்பு எர்த் மட்டும் உள்ளே அறுந்திருக்கும். பின்னொரு நாள் மோட்டாருக்குள் சுற்றப்பட்ட கம்பியான வைண்டிங், மோட்டாரின் உடலைத் தொடும்போதுதான் அது தெரியவரும், அதுவும் மோட்டாரில் கை வைத்தவருக்கு. என் பார்வையில், பேரிங் கெடுவதைவிட அஞ்ச வேண்டியது இதுதான்.

இனி பேரிங்குக்கு வருவோம். 10 குதிரைத்திறன் மோட்டார்களில் பரவலாகக் காணப்படும் 6308 வகைப் பேரிங்கில், 40 மி.மீ. துளையுள்ள உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே எஃகு குண்டுகள் உருளுகின்றன. குண்டும் வளையமும் ஒன்றையொன்று தொடும் இடம் ஊசிமுனையைவிடச் சற்றே பெரிய ஒரு பொட்டுதான். மோட்டார் ஓடும்போது அந்தப் பொட்டிலும் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை; மயிரிழையைவிடப் பலமடங்கு மெல்லிய, ஒரு மைக்ரான் அளவிலான கிரீஸின் எண்ணெய்ப் படலம் இடையில் நிற்கிறது. இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் இவ்வளவு மெல்லிய படலத்தைக் கிழிக்கச் சில வோல்ட்டுகளே போதும். கிழிந்த கணத்தில் அங்கே ஒரு குட்டி மின்வில் எரிந்து அணையும். வெல்டிங்கில் வேண்டுமென்றே செய்வது, இங்கே யாரும் கேட்காமலே நடக்கிறது.

மோட்டார் நின்றிருந்தால் பாதிப்பு இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நிற்கும் பேரிங்கில் ஷாஃப்ட்டின் எடை எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடுவதால், கீழ்ப்பக்கக் குண்டுகள் வளையத்தோடு உலோகமாகவே ஒட்டியிருக்கும். தடை குறைவுதான், ஆனால் பத்துக்கணக்கான ஆம்பியர் அந்தச் சிறு பொட்டின் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது, எஃகு உருகும் வெப்பநிலையான ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸை அது நொடிக்கும் குறைந்த நேரத்தில் எட்டக்கூடும். குண்டும் வளையமும் அந்த இடத்தில் நுண்ணிய அளவில் ஒட்டிக்கொள்ளும். மோட்டாரைச் சுற்றியதும் பிய்த்துக்கொள்ளும். பேரிங் எஃகு திட்டமிட்டுக் கடினப்படுத்தப்பட்டு, பிறகு பதப்படுத்தப்பட்டது. உருகிய பொட்டு, சுற்றியுள்ள குளிர்ந்த எஃகினால் சட்டென்று ஆறும்போது கண்ணாடிபோல் உடையக்கூடிய ஒரு தோலாக இறுகிவிடுகிறது. அதற்கு அடியில் இருக்கும் பகுதி சூட்டினால் பதம் இழந்து மென்மையாகிறது. மெத்தைமேல் வைத்த ஓடு போன்ற இந்த அமைப்பின் மீது குண்டுகள் உருள உருள, தோல் பெயர்ந்து வரும்.

இதற்கு நாளாகும் என்பதுதான் காரணத்தைக் கண்டுபிடிப்பதைக் கடினமாக்குகிறது. வெல்டிங் நடந்து சில வாரங்கள் கழித்துச் சத்தம் வரும். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் கறுத்திருக்கும். பேரிங் போலி என்றோ, கிரீஸ் மட்டம் என்றோ பழி விழும். சாணைக்கல் பிடித்துத் தேய்த்ததுபோல் இல்லாமல், குண்டுகளுக்கு இடையிலான தொலைவிலேயே சீராக விழுந்த எரிந்த புள்ளிகள் வளையத்தில் தெரிந்தால், மோட்டார் நின்றிருந்தபோது மின்னோட்டம் பாய்ந்ததாகக் கருத இடமுண்டு. நெடுநாள் ஓடாமல் அதிர்வில் நின்ற மோட்டாரிலும் அதே இடைவெளியில் தேய்மானம் வரும் என்பதால், உருப்பெருக்கியில் உருகிய குழி தெரிகிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஓடும்போது தொடர்ந்து மின்னோட்டம் பாய்ந்த பேரிங்கில் துணி துவைக்கும் பலகைபோல வரிவரியான பள்ளங்கள் உருவாகும். இன்று இது வெல்டிங்கைவிட, மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவிகளான வி.எஃப்.டி. டிரைவ்களால்தான் அதிகம் வருகிறது. ஷாஃப்ட் வழியாக மின்னோட்டம் பாய்வது பற்றிய ஆய்வு புதிதன்று. பெரிய மின்பொறிகளில் இது எப்படித் தோன்றுகிறது என்பதை ஆல்ஜர், சாம்சன் என்ற இரு பொறியாளர்கள் 1924இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான நிலை, சுழலும் பாகத்தையே பற்றவைப்பது. புளோயரின் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரில் ஓர் இதழ் விரிசல் விட்டிருக்க, அதைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே வெல்டிங் வைத்து, கிளாம்பை வெளிக்கூட்டில் மாட்டினால், பாதைகள் பிரிவதற்கே இடமில்லை. இம்பெல்லரும் ஷாஃப்ட்டும் வெளிக்கூட்டோடு தொடர்பு கொள்வது பேரிங்குகள் வழியாக மட்டுமே என்பதால், 150 ஆம்பியரும் அவற்றின் ஊடாகத்தான் போயாக வேண்டும். கிளாம்பை இம்பெல்லரிலேயே, விரிசலுக்குப் பக்கத்திலேயே மாட்டினால் இந்தச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. விதி உண்மையில் எளிது: பற்றவைக்கும் இடத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே பேரிங் எதுவும் வரக் கூடாது.

கிளாம்ப் மாட்டும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் கவ்வ வைக்க வேண்டும். மோட்டாரின் எர்த் போல்ட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, சுத்தமாகவும் இருக்கிறது என்பதற்காக அதில் மாட்டுவது தவறான பழக்கம். கேபிள் நீளம் போதவில்லை என்று கம்பித்துண்டையும் ஆங்கிள் இரும்பையும் அடுக்கிப் பாலம் போடுவதும் அப்படியே; இணைப்பு ஒவ்வொன்றும் தடையைக் கூட்டி, மின்னோட்டத்தை மற்ற வழிகளுக்குத் தள்ளிவிடும். 0.05 ஓம் தடையுள்ள ஒரே ஓர் இணைப்பில் 150 ஆம்பியர் ஓடினால் அங்கே 1125 வாட் வெப்பம் உண்டாகும், அதாவது துணி தேய்க்கும் ஒரு பெட்டியின் சூடு. தவிடும் உமித்தூசியும் படிந்த இடத்தில் அந்தச் சூடு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

வி.எஃப்.டி. டிரைவ் பொருத்திய மோட்டாரில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் டிரைவ் தனித்து நிற்கிறது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்தச் சுவிட்சு ஃபேஸ் கம்பிகளை மட்டுமே துண்டிக்கிறது. எர்த் கம்பியும், சுழற்சியை அளக்கும் என்கோடரின் கேபிள் மீதுள்ள உலோக உறையும், சென்சார் கம்பிகளும் இணைப்பில்தான் இருக்கின்றன. 5 வோல்ட்டிலும் 24 வோல்ட்டிலும் வேலை செய்யும் பலகைகளுக்கு, தரை என்று அவை நம்பியிருக்கும் புள்ளியே சில வோல்ட்டுகள் குதிப்பது பொறுக்க முடியாத ஒன்று. வில்லைத் தொடக்க உயர் அதிர்வெண் பொறியைப் பயன்படுத்தும் டிக் வெல்டிங்கில் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்புகள் எழுவதால், ஆபத்து பன்மடங்காகிறது. மோட்டார் கேபிளையும் சிக்னல் கனெக்டர்களையும் டிரைவிலிருந்து கழற்றிவிடுவதுதான் நம்பத்தக்க பாதுகாப்பு. அதற்கும் முன், டிரைவின் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னிறக்கம் அடைய, கருவியின் மேல் எழுதியிருக்கும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். பேருந்துக்குக் கூண்டு கட்டுவதற்குப் பெயர்பெற்ற கரூரின் பட்டறைகளுக்கு வரும் சேசிஸ்களிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது: அங்கே பாதுகாக்க வேண்டியவை ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியும்; பேட்டரியைக் கழற்றாமல் வில்லைத் தொடக்கக் கூடாது.

தீப்பொறியும் சாணைத்தூளும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். காற்றுத் துளைகள் திறந்திருக்கும் மோட்டாருக்குள் உருகிய துளி விழுந்தால், வைண்டிங் கம்பியின் மேல் மி.மீ.யில் நூறில் சில பங்கு தடிமனே உள்ள எனாமல் பூச்சைச் சுட்டுவிடும். இரும்புத்தூள் உள்ளே புகுந்தால், வைண்டிங்கின் மாறுகாந்தப்புலத்தில் அதிர்ந்து அதிர்ந்து அந்தப் பூச்சை அராவும். கண்ணாடி இழைப் போர்வையால் மோட்டாரை மூடிவிட வேண்டும். மூடிய நிலையில் அதை ஓட்டக் கூடாது. மோட்டார் உட்காரும் அடித்தகடான பேஸ் பிளேட்டில் பற்றவைத்த பிறகு, ஆறும் இரும்பு சுருங்கித் தகட்டை வளைத்திருக்கலாம் என்பதால், மோட்டாரின் நான்கு கால்களும் முழுமையாகப் படிகின்றனவா என்று இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்ப்பதும் கப்ளிங்கை மறுபடி சீரமைப்பதும் அவசியம். வார்ப்பிரும்பாலான மோட்டார் உடலில் நேரடியாக வெல்டிங் வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. ஆறும்போது அது விரிசல் விடும். முடிந்த இடங்களில், நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரை அப்புறப்படுத்திவிடுவது, மேலே சொன்ன பெரும்பாலான கவலைகளை ஒரே அடியில் தீர்த்துவிடும்.

வேலை முடிந்ததும் 500 வோல்ட் மெக்கரால் வைண்டிங்குக்கும் உடலுக்கும் இடையிலான காப்புத் தடையை அளப்பது வழக்கம். டிரைவ் இணைப்பில் இருக்கும்போது அளந்தால், வெல்டிங்கில் தப்பிய டிரைவை மெக்கரே கெடுத்துவிடும். தாழ் மின்னழுத்த மோட்டார்களில் 5 மெகாஓமுக்கு மேல் காட்டினால் வைண்டிங்கைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் மெக்கருக்குப் பேரிங்கும் தெரியாது, எர்த் கம்பியும் தெரியாது. எர்த் கம்பியின் தொடர்ச்சியை, மோட்டார் உடலுக்கும் பேனலின் எர்த் பாருக்கும் இடையே தனியாகச் சோதிக்க வேண்டும். பேரிங்குக்கு, கப்ளிங்கைப் பிரித்து ஷாஃப்ட்டைக் கையால் மெல்லச் சுற்றும்போது எங்காவது சிக்குகிறதா என்று உணர்ந்து பார்க்கலாம். பிறகு சுமையில்லாமல் ஓட்டி, ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்கலாம். அன்றைக்குச் சத்தம் இல்லாவிட்டாலும், வெல்டிங் நடந்த தேதியையும் கிளாம்ப் மாட்டிய இடத்தையும் மோட்டாரின் பதிவேட்டில் எழுதி வைத்தால், இரண்டு மாதம் கழித்து அந்தப் பேரிங்கைக் கழற்றுபவர் வளையத்தில் எதைத் தேட வேண்டும் என்று அறிந்திருப்பார்.