வீட்டுக்கு ஒரு போன்: வட்ஸ்அப்பில் பேட்டி எடுப்போர் கவனத்துக்கு

வட்ஸ்அப் செய்தியை இடையில் எவரும் படிக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் பலர் இலங்கையின் வன்னியில் தொலைவழி ஆய்வைத் தொடங்குகிறார்கள். ஆனால் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ பல வீடுகளில் போன் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. பகலில் தாயிடம் இருக்கும், பின்னேரம் பாடத்துக்குப் பிள்ளை எடுக்கும், இரவில் கணவர் பார்ப்பார். கடனைப் பற்றியோ காணாமல் ஆக்கப்பட்ட உறவைப் பற்றியோ கேள்வி திரையில் வந்து நின்றால் முதலில் வாசிப்பவர் யாரென்று சொல்ல முடியாது.

ஆகவே முதற்செய்தியில் ஆய்வின் பொருளைத் தொடாதீர்கள். "வணக்கம் அக்கா, இப்ப கதைக்கலாமோ?" போதும். போன் தன் கையில்தான் என்று காட்ட அவரே ஒரு சொல்லை முன்கூட்டித் தெரிவு செய்யட்டும். அது வந்த பிறகே கேள்வி. ஆய்வுக்கெனத் தனி சிம் எடுத்து, புரொபைல் பெயரிலும் படத்திலும் பொருள் வெளித்தெரியாமல் பாருங்கள். நீல டிக் விழுந்தால் அவர்தான் பார்த்தார் என்று எண்ண வேண்டாம், பிள்ளை திறந்திருக்கலாம். ஒற்றை டிக் மறுப்பும் அல்ல: சிக்னல் இல்லாதிருக்கும், அல்லது சார்ஜ் இறங்கியிருக்கும்.

பங்கேற்பவர்களைச் சேர்த்து வட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். எல்லோர் இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். ஒரே கிராமத்தில் இலக்கம் தெரிந்தால் ஆளும் தெரியும்.

எழுத்தில் இரண்டு வரியோடு நிறுத்துபவர் குரல்பதிவில் மனம்விட்டுப் பேசுவார். ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, ஒரு நிமிடத்துக்குள். சம்மதத்தையும் குரலிலேயே பெற்று, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கேளுங்கள். பெரும்போக அறுவடையின்போது பதில் நாட்கணக்கில் பிந்தும், கால அட்டவணையில் அதற்கு இடம் விடுங்கள். பங்கேற்பவரின் போனுக்கான ரீலோட்டைப் பேட்டிக்கு முன்னரே போட்டுவிடுங்கள். பிறகு போட்டால் பதிலுக்குக் கூலி கொடுத்ததாகிவிடும்.

குறித்த காலத்தின் பின் தானே அழிந்துவிடும் மறையும் செய்திக்கு 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என மூன்று அளவுகள் உண்டு. பங்கேற்பவரின் போனுக்கு 24 மணித்தியாலமே நல்லது. அதனால் பதிவை அன்றன்றே இறக்கி, பெயருக்குப் பதில் குறியீடு இட்டு, கடவுச்சொல் உள்ள கணினியில் வையுங்கள். பலர் தவறவிடுவது பேக்கப்: கூகுள் கணக்குக்குப் போகும் பிரதிக்கு மறைகுறியாக்கத்தை (பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவதை) நாமே தனியாக இயக்க வேண்டும். ஆய்வு போனில் பேக்கப்பையே நிறுத்திவிடுவது இன்னும் பாதுகாப்பு.

இரவில் அழுகையோடு நீண்ட பதிவு வரக்கூடும். எந்நேரம் பதில் தருவீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐயும், அருகிலுள்ள வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எது என்பதையும் அப்போதே கொடுங்கள். அப்படியொரு பதிவு வந்தால் அடுத்த கேள்வியை அந்த வாரம் அனுப்பாதீர்கள். அவர் நிலையை மட்டும் விசாரியுங்கள்.