பேக்ஸ்பேஸ் அழுத்தினால் சர்வருக்குப் போவது என்ன?

தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில், நிர்வாகி உரிமையுடன் கட்டளையை இயக்கும் 'சூடோ' கடவுச்சொல் கேட்கிறது. ஓர் எழுத்து தவறிவிட்டதென்று பேக்ஸ்பேஸை அழுத்திச் சரியாக அடிக்கிறோம். ஆனாலும் கடவுச்சொல் தவறு என்கிறது. தட்டுவது திரையில் தெரியாததால் நடந்ததும் தெரிவதில்லை: பேக்ஸ்பேஸ் எதையும் அழிக்கவில்லை, தானும் ஓர் எழுத்தாகக் கடவுச்சொல்லில் சேர்ந்துகொண்டது.

சர்வருக்கு நம் விசைப்பலகையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பில் போவது விசை அல்ல, பைட்டுகள்தான். சின்ன 'ஏ' தட்டினால் 97 போகும். மேல் அம்புக்குறிக்கோ, எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் எண்ணே கிடையாது. அதனால் எஸ்கேப் என்னும் 27, அடுத்து [, அடுத்து பெரிய 'ஏ' என மூன்று பைட்டுகள் சேர்ந்து போகின்றன. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் கொண்டுவந்த விடி100 என்ற முனையத்தின் (திரையும் விசைப்பலகையும் கொண்ட கருவி) வழக்கம் இது. நம் கணினியிலிருந்து சர்வருடன் இணைக்கும் புட்டி போன்ற மென்பொருள்கள் இன்றும் அந்த வம்சத்து முனையமாகவே நடந்துகொள்கின்றன.

பேக்ஸ்பேஸில் சிக்கல் வரக் காரணம், அதற்கு இரண்டு எண்கள் இருப்பதுதான்: 8, 127. இரண்டாவது எண்ணில் ஏழு பிட்டுகளுமே 1. காகித நாடாவில் துளையிட்டுப் பதிந்த காலத்தில், தவறான எழுத்தின் மேல் ஏழு துளைகளையும் போட்டுவிட்டால் அது அழிந்ததாகக் கணக்கு. 8 என்பது கண்ட்ரோல்-ஹெச்: பெரிய 'ஹெச்' 72, அதில் 64 கழித்தால் 8. ஆகவே பேக்ஸ்பேஸ் 8 அனுப்பினால் அதையும் கண்ட்ரோல்-ஹெச்சையும் சர்வரால் பிரித்தறிய முடியாது. ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியில் அழிக்கப்போனால் உதவிக்கான கட்டளை கிளம்புவது இதனால்தான். லினக்ஸ் சர்வருக்கு 127தான் நல்லது. புட்டியின் இயல்பு அமைப்பும் அதுவே.

கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் நிரல் இரண்டு எண்களையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் கட்டளை வரியில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், கடவுச்சொல் கேட்கும் இடத்தில்தான் குட்டு வெளிப்படும். சோதிக்க, முனைய அமைப்புகளைக் காட்டும் 'எஸ்டிடிஒய் -ஏ' கட்டளையைக் கொடுத்து, 'இரேஸ்' என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ^? என்றால் 127, தொப்பிக்குறியும் 'ஹெச்'சும் என்றால் 8. அடுத்து 'கேட் -வி' கொடுத்து பேக்ஸ்பேஸைத் தட்டுங்கள். முன்னெழுத்து அழிந்தால் இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. ^? என்று திரையில் விழுந்தால் நீங்கள் அனுப்புவது 127, சர்வர் எதிர்பார்ப்பது வேறு. உடனடித் தீர்வு: 'எஸ்டிடிஒய் இரேஸ்' என்று தட்டி, இடைவெளி விட்டு, கண்ட்ரோல்-வி, பிறகு பேக்ஸ்பேஸ், என்டர்.

புட்டியில் இதற்கான இடம் 'டெர்மினல்', அதற்குள் 'கீபோர்டு'. இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது இங்கே மாற்றாதீர்கள். எது அழிக்கும் விசை என்பதைப் புட்டி நுழையும்போதே சர்வருக்குச் சொல்லிவிடுகிறது. நடுவில் மாற்றினால் சர்வர் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும். மாற்றியபின் 'செஷன்' பக்கத்துக்குத் திரும்பி 'சேவ்' அழுத்தாவிட்டால் மறுநாள் பழையபடிதான். அவசரத்துக்கு ஷிப்ட்-பேக்ஸ்பேஸ் தட்டலாம், புட்டி அப்போது மற்ற எண்ணை அனுப்பும்.

எண் விசைகள் தரும் தொல்லை இன்னும் விசித்திரமானது. விம் என்ற உரைத்திருத்தியில் எழுதிக்கொண்டிருக்கையில் வலப்பக்க எண்பலகையில் 1 தட்டினால், மேலே ஒரு புது வரி திறந்து அதில் 'க்யூ' விழும். விம் தொடங்கும்போது எண்பலகையை 'அப்ளிகேஷன்' நிலைக்கு மாற்றச் சொல்கிறது. அந்த நிலையில் 1க்குப் போவது எஸ்கேப், பெரிய 'ஓ', சின்ன 'க்யூ'. விம் இதை ஒரே விசையாக அடையாளம் காணாதபோது தனித்தனியாகப் படிக்கிறது: எஸ்கேப் எழுதும் நிலையை விட்டு வெளியேற்றும், 'ஓ' மேலே வரி திறக்கும், 'க்யூ' அதில் எழுத்தாகும். 'டெர்மினல்', 'ஃபீச்சர்ஸ்' சென்று 'டிசேபிள் அப்ளிகேஷன் கீபேட் மோட்' என்பதைத் தேர்ந்தால் தீர்ந்தது.

எஃப்1 முதல் எஃப்4 வரை சில நிரல்களில் வேலைசெய்யாததற்குக் காரணம் புட்டியே தன்னை 'எக்ஸ்டெர்ம்' என்று அறிமுகப்படுத்திக்கொள்வது. எக்ஸ்டெர்மில் எஃப்1 என்றால் எஸ்கேப், 'ஓ', 'பி'. புட்டியின் இயல்பு அமைப்போ எஸ்கேப் [11~ அனுப்பும். 'கீபோர்டு' பக்கத்தில் 'எக்ஸ்டெர்ம் ஆர்6' என மாற்றுங்கள். எஃப்5 முதல் எஃப்12 வரை இதனால் பாதிப்பில்லை.

தமிழில் தட்டுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'கி' என்பது ககரமும் கொக்கியுமாக இரண்டு குறிகள், குறிக்கு 3 பைட், ஆக 6 பைட். சர்வரின் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப்பகுதி) இது தெரியாவிட்டால் ஒரு பேக்ஸ்பேஸுக்கு ஒரு பைட்டை மட்டும் பிய்த்தெடுக்கும், மிச்சம் குப்பையாக நிற்கும். 'எஸ்டிடிஒய் -ஏ' வெளியீட்டில் 'ஐயூடிஎஃப்8' என்பதன் முன் கழித்தல் குறி இருந்தால் 'எஸ்டிடிஒய் ஐயூடிஎஃப்8' கொடுங்கள். அதன்பின் முதல் தட்டலில் கொக்கி போகும், அடுத்ததில் 'க' போகும்.