திரும்பி வரும் ரத்தம் ஏன் திசுவைக் கொல்கிறது?

மாரடைப்பு வந்தவரின் அடைபட்ட ரத்தக்குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனாலும் குழாய் திறந்து ரத்தம் உள்ளே பாயும் முதல் சில நிமிடங்களில், அதுவரை தாக்குப்பிடித்திருந்த இதயத்தசைச் செல்களில் ஒரு பங்கு செத்துப்போகிறது. மாரடைப்பில் மொத்தமாகச் சேதமாகும் தசையில் பாதி வரைகூட இந்தக் கணக்கில் வரலாம் என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மருத்துவர்கள் இதை ரீபெர்ஃப்யூஷன் இஞ்சுரி என்கிறார்கள். பக்கவாதம், உறுப்பு மாற்று அறுவைசிகிச்சை, இடிபாட்டில் நெடுநேரம் நசுங்கிக் கிடந்த கால் என்று ரத்தம் நின்று திரும்புகிற இடங்களில் எல்லாம் இது உண்டு.

ரத்தம் நின்றதும் செல்லுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தீரத் தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்துச் சமாளிக்கப் பார்க்கிறது செல். அதனால் உள்ளே அமிலத்தன்மை ஏறுகிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகள் ஓய்ந்துபோக, முதலில் சோடியமும் அப்புறம் கால்சியமும் உள்ளே குவிகின்றன. கூடவே செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் சக்சினேட் என்ற பொருள் ஏராளமாகச் சேர்கிறது. இந்தக் குவியல்தான் பிறகு வரும் சேதத்துக்கு மூலம் என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2014-ல் காட்டினார்கள்.

இப்போது ரத்தம் திரும்புகிறது. ஆக்சிஜன் வந்த வேகத்தில் மைட்டோகாண்ட்ரியா அந்தச் சக்சினேட்டை எரிக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்கள் வழக்கமான பாதை கொள்ளாத அளவுக்கு அதிகம். ஒரு பங்கு பின்னோக்கித் திரும்பி, எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆற்றல் எடுக்கும் புரதச் சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள காம்ப்ளெக்ஸ் 1 என்ற புரதத் தொகுதிக்குள் பாய்கிறது. அங்கே எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்ந்து, எதையும் தாக்கும் சூப்பர்ஆக்சைடு உருவாகிறது. கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எல்லாவற்றையும் சிதைக்கும் வேதிச் சங்கிலி அதிலிருந்து தொடங்குகிறது.

எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது அமிலத்தின் பங்கு. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு துளை உண்டு. அது திறந்தபடியே நின்றுவிட்டால் மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கும், செல் சாகும். கால்சியமும் சூப்பர்ஆக்சைடும் அதைத் திறக்கத் தூண்டுகின்றன. அமிலம் மூடி வைக்கிறது. அதாவது ரத்தம் நின்ற காலத்தில் செல்லை வாட்டிய அதே அமிலம் ஒரு காவலும் தந்திருக்கிறது. புதிய ரத்தம் அமிலத்தைக் கழுவிக்கொண்டு போனதும் துளை திறந்துகொள்கிறது. அடுத்த சில மணி நேரங்களில் வெள்ளையணுக்கள் வந்து குவிந்து நுண்குழாய்களை அடைக்க, பெரிய குழாய் திறந்திருந்தும் திசுவுக்குள் ரத்தம் போகாத நிலைகூட வரலாம்.

இதைத் தடுக்க முடியும் என்ற நம்பிக்கை 1986-ல் பிறந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் நாய்களின் இதயக் குழாயை ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அதன்பின் 40 நிமிடம் அடைத்தார்கள். சேதம் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வழக்கமான சேதத்தில் கால் பங்குதான் வந்தது. சரி, இதை மாரடைப்புக்கு முன்பே செய்தாக வேண்டும், அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? 2003-ல் அட்லாண்டாவில் ஒரு குழு ரத்தத்தைத் திருப்பும் விதத்தை மாற்றிப் பார்த்தது. 30 வினாடி விட்டு, 30 வினாடி அடைத்து, இப்படி மூன்று முறை செய்தபின் முழுதாகத் திறந்தார்கள். நாய்களில் சேதம் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அமிலம் மெதுவாகக் கழுவப்படுவதால் துளை கூடுதல் நேரம் மூடியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மனிதர்களில் பலன் இவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. துளையை மூடும் சைக்ளோஸ்போரின் மருந்தை மாரடைப்பு நோயாளிகளுக்குக் கொடுத்த பெரிய சோதனை 2015-ல் பலனின்றி முடிந்தது. ரத்த அழுத்தப் பட்டையால் கையை இறுக்கித் தளர்த்தி, தொலைவிலிருந்தே இதயத்தைக் காக்கலாம் என்ற முறையும் 2019-ல் 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் தோற்றது. ஆய்வகத்து இளம் விலங்குக்கும், சர்க்கரை நோயோடு ஏற்கெனவே பல மருந்துகள் எடுக்கும் முதியவருக்கும் உள்ள தூரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். மருந்து போக வேண்டிய வழியே அடைபட்டிருக்கிறது. அதனால் காக்கும் மருந்தும் தாக்கும் ஆக்சிஜனும் ஒரே ரத்தத்தில் ஒன்றாகத்தான் வந்து சேர்கின்றன.

உறுப்பு மாற்று அறுவைசிகிச்சையில் இந்தச் சிக்கல் இல்லை. ரத்தம் எந்த நிமிடம் திரும்ப வேண்டும் என்பதை அறுவைசிகிச்சை நிபுணர்தான் தீர்மானிக்கிறார். தானமாகப் பெற்ற உறுப்பைக் காப்புத் திரவத்தில், சுமார் 4 டிகிரி குளிரில் வைப்பது வழக்கமான முறை. குளிர் செல்லின் தேவையைக் குறைக்கிறது, ஆனால் ஏ.டி.பி. தீர்வதையும் சக்சினேட் சேர்வதையும் முழுதாக நிறுத்துவதில்லை. அதனால் புதிய முறை ஒன்றில், பொருத்துவதற்கு முன் இரண்டு மணி நேரம், ஆக்சிஜன் கலந்த குளிர்ந்த திரவத்தை ஓர் இயந்திரம் கல்லீரலுக்குள் ஓட்டுகிறது. குளிரில் மைட்டோகாண்ட்ரியா நிதானமாக வேலை செய்து, சேர்ந்த சக்சினேட்டை எரித்து, ஏ.டி.பி.யை நிரப்பிக்கொள்கிறது. உடலின் ரத்தம் வரும்போது குவியல் இருப்பதில்லை. இதயத்துடிப்பு நின்றபின் தானமாகப் பெற்ற கல்லீரல்களில் இதைச் சோதித்த முடிவுகள் 2021-ல் வெளியாயின. பித்தநாளங்கள் சுருங்கித் தொல்லை தந்தது, பழைய முறையில் 18 சதவீதம் பேருக்கு. இயந்திர முறையில் 6 சதவீதம் பேருக்கு.

மாரடைப்புக்கும் இதே சக்சினேட்டைக் குறிவைக்கும் முயற்சி நடக்கிறது. மேலோனேட் என்ற சிறிய மூலக்கூறு, சக்சினேட்டை எரிக்கும் நொதியில் போய் உட்கார்ந்து அதைத் தடுக்கும். சாதாரணச் செல்லுக்குள் அது எளிதில் நுழையாது. அமிலத்தன்மை ஏறிய செல்லுக்குள் வேகமாக நுழைகிறது. அதனால் முதல் ரத்தத்தோடு சேர்ந்தே வந்தாலும், ரத்தமின்றித் தவித்த செல்களில் மட்டும் நேரத்தோடு இறங்கிவிடுகிறது. எலிகளிலும் பன்றிகளிலும் இது இதயச் சேதத்தைக் குறைத்திருக்கிறது.