பிளவில் வைத்த எலும்பு பிடித்துவிட்டதா?

"பிளவுதடு, அண்ணப்பிளவோடு பிறந்த பிள்ளைக்கு ஈறில் எலும்பு வைத்து ஆறு மாதமாகிறது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிறது. இனிக் கவலையில்லைதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது நல்ல செய்திதான். ஆனால் ஆறாம் மாத எக்ஸ்ரே பாதித் தேர்வு மட்டுமே.

உதட்டையும் அண்ணத்தையும் சின்ன வயதிலேயே தைத்துவிடுவார்கள். பல் முளைக்கும் மேல்தாடை விளிம்பில் உள்ள எலும்பு இடைவெளி மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அதைப் பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை வளர்ந்திருக்கும்போது நிரப்புகிறார்கள். இடுப்பெலும்பின் உள்ளிருந்து பஞ்செலும்பைச் சுரண்டியெடுத்து வைப்பது வழக்கம். பஞ்செலும்பில் எலும்பு உண்டாக்கும் செல்கள் ஏராளம். அதன் துளைகள் வழியே புது ரத்தக்குழாய்களும் சீக்கிரம் நுழைந்துவிடும்.

அளக்க வேண்டியது, பிளவை ஒட்டிய இரண்டு பற்களுக்கு நடுவே எழும் எலும்புச் சுவரின் உயரத்தைத்தான். 1986-இல் ஆஸ்லோவைச் சேர்ந்த பெர்க்லண்ட் குழு இதற்கு நான்கு படிநிலைகள் வகுத்தது. உயரம் ஏறக்குறைய இயல்பாக இருந்தால் முதல் வகை. முக்கால் பங்காவது இருந்தால் இரண்டாவது, அதற்கும் குறைந்தால் மூன்றாவது. எலும்புப் பாலமே உருவாகவில்லை என்றால் நான்காவது. முதல் இரண்டையும் வெற்றியாகக் கொள்வது வழக்கம். இந்த அளவீட்டைக் கோரைப்பல் முழுதாக முளைத்த பிறகே செய்ய வேண்டும். அதற்கு முன்பே மதிப்பிட வேண்டுமானால், பிளவின் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும் கிண்டலன் அளவுகோல் இருக்கிறது.

ஏன் கோரைப்பல்லுக்காகக் காத்திருக்க வேண்டும்? இந்தச் சிகிச்சையின் அழகே அதில்தான் இருக்கிறது. முளைக்கும் பல்லைச் சுற்றியுள்ள பை, தனக்கு முன்னால் உள்ள எலும்பைக் கரைக்கும் செல்களை வரவழைக்கிறது. பல் மெல்ல இறங்க இறங்க, அதன் பின்னாலும் பக்கங்களிலும் புது எலும்பு படிகிறது. இடுப்பிலிருந்து வந்த எலும்பு என்று பல் பேதம் பார்ப்பதில்லை. அதற்குள்ளும் தன் வழியை அமைத்துக்கொள்கிறது. பல் வந்து நின்ற பின், மெல்லும் விசை வேரைச் சுற்றிய நார்கள் வழியே எலும்புக்குப் போய்ச் சேர்கிறது. அந்த விசைதான் எலும்பைக் காக்கிறது. பல்லே வராத வெற்றிடத்தில் வைத்த எலும்பு, ஆறாம் மாதம் அருமையாகத் தெரிந்தாலும் போகப்போகக் கரைந்து தாழ்ந்துவிடலாம்.

எக்ஸ்ரேயால் காட்ட முடியாத ஒன்றும் உண்டு. படத்தில் உயரமும் அகலமும் தெரியும். உதட்டுப் பக்கத்திலிருந்து அண்ணத்துப் பக்கம்வரை உள்ள தடிமன் தெரியாது. மெல்லிய தகடாக இருக்கும் எலும்புகூடப் படத்தில் முழுப் பாலம் போலத் தோன்றலாம். முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கதிர்வீச்சு கூடுதல், பிள்ளைகளோ வளரும் வயதில் இருப்பவர்கள். அதனால் பல் இம்பிளான்ட் வைப்பது, மறு அறுவை போன்ற முடிவுகள் ஸ்கேனைச் சார்ந்திருக்கும்போது மட்டும் எடுப்பதே முறை.

தோற்பதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஈறில்தான் இருக்கின்றன. மூக்குப் பக்கத் தையல் கசிந்தாலோ, ஈறுத்தையல் இழுவையில் பிரிந்தாலோ கிருமி உள்ளே போய், வைத்த எலும்பு துண்டுதுண்டாக வெளியேறும். பல் துலக்கல் சரியில்லாத வாயில் இந்த ஆபத்து அதிகம். பிளவோரத்துப் பல்லின் வேரை மூடியிருக்கும் மெல்லிய எலும்பை அறுவையின்போது சிதைத்துவிட்டால் அந்த இடத்தில் பல்லின் பிடிப்பு போய்விடும்; எவ்வளவு நிரப்பினாலும் சுவர் அந்த மட்டத்துக்கு மேலே ஏறாது.

புதிய எலும்பு மாற்றுப் பொருள்களைத் தேட ஆராய்ச்சிப் பணம் கிடைக்கிறது. ஏற்கெனவே சிகிச்சை பெற்ற பிள்ளைகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்து பார்க்க அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. இது தலைகீழ் முன்னுரிமை என்பது என் உறுதியான கருத்து. பழைய முறை எத்தனை காலம் தாங்குகிறது என்று அளக்காமல் புதியது மேலானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். அறுவைக்கு முன் எடுத்த படத்தையும் ஆறாம் மாதப் படத்தையும் பத்திரமாக வையுங்கள். கோரைப்பல் முழுதாக இறங்கியதும் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுக்கச் சொல்லி, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி பற்சீரமைப்பு மருத்துவரிடம் கேளுங்கள்.