15 பாரா 20 பாரான்னு பார்க்காதீங்க, பொடியைப் பாருங்க

போன வாரம் மயிலாடுதுறை பக்கத்துலேர்ந்து ஒரு எஸ்பிரஸோ மிஷின் ரிப்பேருக்கு வந்துச்சு, அதான் சுடுதண்ணியை அழுத்தத்துல பொடி வழியா தள்ளி காபி எடுக்குறது. பெங்களூர்ல இருக்கிற பையன் அப்பாவோட பொறந்தநாளுக்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி அனுப்புனதாம், 20 பார்னு நெத்தியிலயே ஒட்டியிருக்கு (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு). கைப்பிடியைக் கழட்டி வடிகட்டியைக் கவுத்தா ஒன்னும் விழல, ஸ்பூனால நோண்டுனா உள்ள கருப்பா பிசுபிசுன்னு அல்வா மாதிரி ஒரு கட்டி. "என்ன பொடி சார் போட்டீங்க?"ன்னேன். "நம்ம வழக்கமா வாங்குற 60-40 தான் தம்பி, 60 காபி, 40 சிக்கரி"ன்னாரு. காபி வராததால கோவத்துல சுவிட்சைக்கூட அணைக்காம கைப்பிடியை வேகமா திருப்பியிருக்காரு, கொதிக்கிற தண்ணியும் பொடியும் சேர்ந்து பக்கத்துல நின்ன அம்மா மணிக்கட்டுல அடிச்சிருச்சு. பெரிய காயம் இல்ல, மருந்து போட்டு ஆறிட்டு வருது. ஆனா எனக்கு இது இந்த வருஷத்துல 4வது. 11 வருஷமா கும்பகோணத்துல மிக்ஸி, கிரைண்டர், காபி மிஷின்னு பிரிச்சு மேயிறவன்ங்கிற முறையில இனிமே வாயால சொல்லி மாளாதுன்னுதான் எழுதுறேன்.

முதல்ல இந்த பார் விஷயம். கடைக்கு வர்றவங்க பத்துல எட்டு பேரு கேக்குற முதல் கேள்வி "எத்தனை பார்?". ஐயா, எஸ்பிரஸோவுக்கு வேணும்ங்கிறது 9 பார் கிட்டத்தட்ட, அவ்வளவுதான். பெட்டியில போட்டிருக்கிற 15, 20 எல்லாம் அந்த சின்ன பம்ப் தண்ணி போக வழியே இல்லாம அடைச்சு வச்சா அதிகபட்சம் எவ்வளவு முட்டும்ங்கிற கணக்கு. மேட்டூர்ல 120 அடி நிக்குதுன்னா உங்க நாத்தங்கால்லயும் 120 அடி நிக்கணுமா என்ன? ஷட்டர் எவ்வளவு திறக்குறான், வாய்க்கால் எப்படி வாங்குது, அதுதானே வயலுக்கு கணக்கு. இங்க ஷட்டர் வேலையை ஒரு சின்ன ஸ்பிரிங் வால்வு பாக்குது, வாய்க்கால் வேலையை பொடி பாக்குது. நல்ல மிஷின்ல அந்த வால்வை 9 பார் பக்கத்துல செட் பண்ணியே அனுப்புறான். 20 பார்னு பாத்து 2 ஆயிரம் கூட குடுத்துட்டு வர்றவங்ககிட்ட இதை எத்தனை தடவை சொல்றது, சொன்னா "அப்ப எதுக்கு சார் எழுதியிருக்கான்?"ங்கிறாங்க. நீங்க வாங்குறீங்கன்னுதான் எழுதுறான்!

9 பாரே லேசுப்பட்டது இல்ல. பெரிய கோயில் விமானம் 216 அடி, அந்த உசரத்துக்கு ஒரு குழாயை நட்டு தண்ணி ரொப்புனா அடியில வர்ற அழுத்தம் ஆறரை பார்தான். அதையும் தாண்டுன அழுத்தத்தை வடிகட்டி அடைச்சிருக்கிறப்போ நீங்க வெறுங்கையால திறக்குறீங்க.

அடுத்து சிக்கரி, அதான் காபித்தூளோட கலக்குற வறுத்த வேர்ப்பொடி. நம்ம டிகாக்ஷனுக்கு கெட்டியும் கருப்பும் குடுக்குறதே அதுதான், அதுமேல எனக்கு எந்த கோவமும் இல்ல, என் வீட்லயும் 80-20 தான். பித்தளை ஃபில்டர்ல அது மெதுவா சொட்டு சொட்டா இறங்கும், நல்லா இருக்கும். எஸ்பிரஸோ மிஷின்ல போட்டா பசையாயிடும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, எத்தனை சதவீதம்னு போட்டிருப்பான், சட்டப்படி 49 வரைக்கும் சேக்கலாம். பாதிக்கு பாதி வேரைப் போட்டுட்டு மிஷின் சரியில்லன்னு என்கிட்ட சண்டை. கடையில நின்னு "சிக்கரி இல்லாம, ஃபில்டருக்கு அரைக்கிறதை விட நைசா"ன்னு கேளுங்க, அரைச்சுக் குடுப்பாங்க.

எந்த மிஷின்னு கேட்டா நான் மொதல்ல கேக்குறது காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர் இருக்கான்னு. இல்லன்னா வடிகட்டியோட அடிப்பக்கம் பாருங்க, உள்ள நிறைய ஓட்டை தெரிஞ்சாலும் வெளியில ஊசி குத்துன மாதிரி ஒரே ஒரு ஓட்டை இருந்தா அது ரெட்டைச் சுவர் வடிகட்டி, கடையில அரைச்ச பொடிக்கு அது போதும், அது கூட வர்ற மிஷினா பாத்து வாங்குங்க. அடி முழுக்க ஓட்டையா இருக்கிறது ஒத்தைச் சுவர், அதுக்கு கொட்டையை அப்பப்ப அரைக்கணும், 18 கிராம் போட்டா 25, 30 செகண்டுல 36 கிராம் இறங்குற அளவுக்கு நைசு மாத்தி மாத்தி பாக்கணும். மிக்ஸி ஜார்ல அரைச்சா மாவும் குருணையுமா கலந்து வரும், வேணாம். மிஷின்ல மிச்சம் பிடிச்சு கையால சுத்துற நல்ல கிரைண்டர் ஒன்னு வாங்குறவன் புத்திசாலி. பம்பே இல்லாம வெறும் ஆவியில ஓடுற மலிவு மிஷின் ஒன்னு விக்கிது, அதுல எஸ்பிரஸோ வராது, சூடு ஆறாம மூடியைத் திறக்கவும் கூடாது.

ஆமா, இன்னொன்னு. கல்யாண மண்டபத்துல புஸ்ஸுன்னு ஆவி விட்டு, நுரை பொங்க, மேல சாக்லேட் பவுடர் தூவித் தர்ற "எக்ஸ்பிரஸோ" வேணும்னு வர்றவங்க தயவுசெஞ்சு மிஷின் வாங்காதீங்க. அது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் காபித்தூளும் ஆவியடிச்ச பாலும்தான். வீட்டு மிஷின்ல வர்றது ரெண்டு மடக்கு கசப்பு, உங்க டம்ளர் அளவைப் பாத்து ஏமாந்துடுவீங்க.

அமெரிக்காவுல பேத்தியைப் பாத்துட்டு வர்றப்போ மிஷினைத் தூக்கிட்டு வராதீங்க மாமா. அங்க 120 வோல்ட், இங்க 230. வெறும் பின் மாத்துற அடாப்டர்ல சொருகுனா கிட்டத்தட்ட நாலு பங்கு சூடு, எலிமெண்ட் அன்னிக்கே காலி. வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினா அதுவே அம்மிக்கல்லு கனம்.

இங்க வாங்குனதையும் பெரிய பிளக்ல சொருகுங்க, மிக்ஸியோட ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல வேணாம், கரண்ட் போனா சாதாரண இன்வெர்ட்டர்ல ஓட்டிப் பாக்காதீங்க. போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம்னா கேக்கவே வேணாம், பாய்லருக்குள்ள சுண்ணாம்பு அடிச்ச மாதிரி உப்பு படிஞ்சு வருது. அதுக்காக ஆர்.ஓ. தண்ணியை உப்பே இல்லாம சுத்தமா எடுத்தாலும் காபி சப்புன்னு இருக்கும், கொள்ளிடத் தண்ணியோட கலந்துக்குங்க. உப்பு எடுக்க சிட்ரிக் ஆசிட் போதும், வினிகர் ஊத்தி அந்த வாடையோட கொண்டு வராதீங்க.

காபி வராம அடைச்சுக்கிச்சுன்னா சுவிட்சை அணைங்க, பிளக்கைப் பிடுங்குங்க, அரை மணி நேரம் அது பக்கமே போகாதீங்க. அப்புறமும் கைப்பிடி இறுக்கமா இருந்தா பலம் காட்டாம அப்படியே எடுத்துட்டு வாங்க. வர்றப்போ நீங்க போட்ட பொடி பாக்கெட்டும், உங்க வீட்டுத் தண்ணி ஒரு பாட்டிலும் சேத்து எடுத்துட்டு வாங்க, பாதி ரிப்பேர் அதுலயே தெரிஞ்சுடும்.