ட்ரைவின் மோட்டார் திருகைத் தொடாதீர்கள்

ரிப்பேருக்கு இன்னொரு 1541 வந்து சேர்ந்திருக்கிறது. எண்பதுகளின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64-க்கான ஃப்ளாப்பி டிஸ்க் ட்ரைவ். மோட்டார் வேகத்தைச் சரிசெய்யும் திருகை யாரோ ஆசை தீரத் திருகியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: "லோடு ஆக ரொம்ப நேரம் ஆகுது சார், வேகமாச் சுத்தினா சீக்கிரம் வரும்ல?"

வராது. ஒரே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் நிமிடத்துக்கு 300 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 5. டிஸ்க்கின் வெளி வட்டங்களில் (ட்ராக்) ஒவ்வொன்றிலும் 21 துண்டு (செக்டர்), துண்டுக்கு 256 பைட். ஆக ஒவ்வொரு நொடியும் 25 கிலோபைட்டுக்கு மேல் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு வந்து சேர்வதோ நொடிக்கு ஏறக்குறைய 400 பைட்! குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது மொட்டைமாடியில் பெரிய தொட்டி வைத்து என்ன பயன்? அடைப்பு இருப்பது கேபிள் வழியில். வேகத்தை ஏற்றினால் நடப்பது ஒன்றுதான், உங்கள் ட்ரைவில் எழுதிய டிஸ்க்கை இன்னொருவர் ட்ரைவ் படிக்காமல் முரண்டு பிடிக்கும்.

இந்த மந்தம், 64-க்கு முந்தைய கமடோர் கம்ப்யூட்டரான விக்-20 காலத்து வினை. அதிலிருந்த 6522 சிப்பில், பிட்களைத் தானே வரிசையாக அனுப்ப வேண்டிய ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் பிழை இருந்ததால் ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே அனுப்பும்படி ஆயிற்று. 1982-இல் வந்த 64-இலும் பழைய ட்ரைவோடு ஒத்துப்போக அதே முறை தொடர்ந்தது, போதாததற்கு வீடியோ சிப் இடையிடையே ப்ராசஸரை நிறுத்திவைக்கும் என்பதால் அதை இன்னும் மெதுவாக்கினார்கள். நல்லவேளை, ட்ரைவுக்குள்ளேயே ஒரு 6502 ப்ராசஸரும் 2 கிலோபைட் ராமும் உண்டு. ஃபாஸ்ட்லோடர்கள், அதாவது ட்ரைவுக்குள் தங்கள் நிரலை இறக்கி லோடை வேகப்படுத்தும் மென்பொருள்கள், பிழைப்பு நடத்துவது அதை வைத்துத்தான்.

எபிக்ஸ் ஃபாஸ்ட் லோட் மாதிரி, கம்ப்யூட்டரின் பின்னால் செருகும் ஒரு ஃபாஸ்ட்லோடர் கார்ட்ரிட்ஜ் போதும், பல மடங்கு வேகம் வந்துவிடும். தினமும் பயன்படுத்துகிறவர் என்றால் ஜிஃபிடாஸ் என்ற மாற்று மென்பொருள், ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர், ட்ரைவ் இரண்டிலும் ரோம் சிப்பை (அடிப்படை மென்பொருள் நிரந்தரமாகப் பதிந்திருப்பது) மாற்ற வேண்டும். கழற்றிய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ரோமுக்கும் புதியதற்கும் மாற சுவிட்ச் வைக்கிறேன் என்று பெட்டியில் ஓட்டை போடாதீர்கள், பார்க்கவே வயிறு எரிகிறது.

கார்ட்ரிட்ஜோ கேபிளோ, பவரை அணைத்துவிட்டுச் செருகுங்கள். டால்ஃபின் டாஸ் என்ற இன்னொரு வேகப்படுத்தும் அமைப்புக்கான பேரலல் கேபிளை, கம்ப்யூட்டரின் பின்னாலுள்ள யூசர் போர்ட்டில் தலைகீழாகச் செருகிவிட்டு வருகிறவர்களும் உண்டு. அங்கே 9 வோல்ட் ஏசி இருக்கிறது, சிப் போனால் போனதுதான். அப்புறம், காப்பி பாதுகாப்பு உள்ள அசல் கேம் ஓடவில்லை என்றால் ட்ரைவைத் திட்டும் முன் ஃபாஸ்ட்லோடரை அணைத்துப் பாருங்கள். பல கேம்கள் தங்கள் சொந்த லோடரையே ட்ரைவுக்குள் இறக்குகின்றன, ஒரே இடத்தில் இரண்டு பேர் உட்கார முடியாது.

இதற்கெல்லாம் காசு செலவழிக்கிற புண்ணியவான்களே, தயவுசெய்து முதலில் பவர் சப்ளையை மாற்றுங்கள். எபாக்சி ஊற்றி அடைத்த அந்தப் பழைய செங்கல் ஒருநாள் 5 வோல்ட்டைத் தாண்டி எகிறும், ராம் சிப்கள்தான் முதலில் பலியாகும். இன்றைக்கு அளந்தபோது சரியாக இருந்ததே என்று சொல்லாதீர்கள், சூடான பிறகு எகிறுகிறவையும் உண்டு.