ஊனம், அங்கவீனம், மாற்றுத்திறன்: எந்தச் சொல் எங்கயிருந்து வந்தது

வன்னி மாங்குளத்தில வீல்செயாரில இருக்கிற ஒரு ஆளை எடுங்கோ. ஆசுப்பத்திரித் துண்டில அவர் அங்கவீனர், கந்தோர் படிவத்தில வலது குறைந்தவர், என்ஜிஓ கூட்டத்துக்குப் போனா மாற்றுத்திறனாளி, இல்லாட்டி விசேட தேவையுடையவர், டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தின மேடையில ஏத்தினா மாற்றுவலுவுள்ளவர், சந்திக் கடையில அந்தக் கால் ஏலாத அண்ணை. ஆள் ஒண்டுதான். இதில எது மரியாதை எது அவமரியாதை எண்டு சனம் நல்லா அடிபடுது, ஆனா ஒவ்வொரு சொல்லையும் பிரிச்சு உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு பாக்கிற ஆக்கள் குறைவு. அதைத்தான் இங்க பாக்கப் போறன், நான் பண்டிதர் இல்லை, ஆனா அகராதி புரட்டுற பழக்கம் இருக்கு.

முதல்ல ஊனம். கனபேர் இது ஊன், அதாவது தசை, அதில இருந்து வந்த சொல் எண்டு நினைக்கினம். இல்லை. இது வடமொழி 'ஊன', அர்த்தம் குறைவு, அவ்வளவுதான். வடமொழியில 19ஐ 'ஏகோனவிம்சதி' எண்டு சொல்லுவினம், இருவதில ஒண்டு குறைவு எண்டு அர்த்தம், ஏக, ஊன, விம்சதி மூண்டும் சேந்த சொல். ஹிந்தியில 19க்கு 'உன்னீஸ்' எண்டு சொல்லுறதில வாற 'உன்'னும் இதே ஊனதான். சிங்களத்தில போசாக்குக் குறைபாட்டை 'ஊனபோஷணய' எண்டு சொல்லுறவை, அதுவும் இதே. அப்ப ஊனம் எண்டது அடிப்படையில ஒரு கணக்குச் சொல், முழுசு எவ்வளவு எண்டு ஆரோ முதலே முடிவெடுத்துப்போட்டு அதில இருந்து கழிக்கிற சொல். அதுக்குப் பின்னால 'உற்றோர்' சேத்தா இன்னும் ஒரு பாரம், நோயுற்றார், துயருற்றார் எண்ட மாதிரி ஏதோ வந்து பிடிச்ச ஆள் ஆகிடுறார்.

அங்கவீனம் அதைவிடக் கொஞ்சம் மோசம், ஆனா கேக்கேக்க சுத்தமாக் கேக்கும், அதுதான் அதின்ர கெட்டித்தனம். இது அங்கம் கூட்டல் ஹீனம். பலஹீனம் எப்பிடி பலவீனம் ஆச்சுதோ அதே மாதிரி அங்கஹீனம் அங்கவீனம் ஆச்சு, 'வீனம்' எண்டு தனியா ஒரு சொல் இல்லை. ஹீனம் எண்டா விடுபட்டது, இல்லாதது, பிறகு போகப்போக இழிஞ்சது. தமிழில ஈனம் எண்டு வாறது இதேதான், ஈனப்பிறவி எண்டு ஆரையும் சொன்னா அடிபிடி வரும், ஆனா அங்கவீனர் எண்டு சீல் குத்தின அட்டையை நாங்கள் இத்தினை வருசமா பேசாமக் கொண்டு திரியிறம். எழுதினவைக்கு இது தெரிஞ்சிருக்கும் எண்டும் நான் சொல்லேல்லை, சட்டச் சொல் ஆகினா ஒருத்தரும் உள்ளுக்க எட்டிப் பாக்கிறேல்லை.

சரி, வடமொழிதான் பிரச்சினை, தனித்தமிழில மரியாதை இருக்கு எண்டு நினைச்சிடாதேங்கோ. புறநானூறு 28ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கோ, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடினது. சிதடு, உறுப்பில் பிண்டம், கூன், குறள், ஊம், செவிடு, மா, மருள் எண்டு எட்டையும் அடுக்கி 'எண்பேர் எச்சம்' எண்டு பேர் வைக்கிறார், இந்தப் பிறப்பெல்லாம் பேதைமையே தவிர ஊதியம் இல்லை எண்டு பெரியாக்கள் சொல்லிப்போட்டினமாம். சிதடு எண்டா குருடு. குறள் எண்டா கட்டையான ஆள், திருக்குறளில வாற அதே குறள், கட்டையான பாட்டு எண்டதால வந்த பேர், பாட்டுக்கு அது பெருமை, மனிசனுக்கு அது எச்சம். எச்சம் எண்டா மிச்சம் எண்டும் வரும், குறை எண்டும் வரும். ஆக நல்ல தமிழில சொன்னா நல்லாத்தான் இருக்கும் எண்ட கதை சங்ககாலத்திலயே சரி வரேல்லை.

நாட்டுச் சொல்லுகள் இன்னொரு மாதிரி. முடம் எண்டது முடங்கு, முடக்கு எண்டதுகளோட சேந்தது, வளைஞ்சது மடங்கினது எண்டு அர்த்தம். ஒட்டுசுட்டான் ரோட்டில 'அந்த முடக்கால திரும்பு' எண்டு நாங்கள் தினமும் சொல்லுறம், ரோட்டு வளைஞ்சா அது ஒரு குறையும் இல்லை. செவிடு எண்டது செவியில இருந்து, தெலுங்கில செவுடு, கன்னடத்தில கிவுடு, எல்லாம் அந்தந்தப் பாசையில காது எண்ட சொல்லோட ஒட்டினதுதான். வேரில வசவு இல்லை. பிறகு எப்பிடி வசவாச்சு எண்டா பழமொழியளைப் பாருங்கோ: செவிடன் காதில ஊதின சங்கு, முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி, ஊமை கண்ட கனா. எங்கட ஆக்கள் பொய்க் காரணம் சொன்னா அது 'நொண்டிச்சாட்டு', குறி பாக்காம எறிஞ்சு மாங்காய் விழுந்தா 'குருட்டடி'. ஒரு ஆளின்ர உடம்பை எடுத்து மற்ற எல்லாக் கேவலத்துக்கும் உவமையாக்கி வைச்சாச்சு, பிறகு அந்தச் சொல்லைக் கொண்டுவந்து அதே ஆளுக்குச் சொன்னா அது வெறும் உடம்பை மட்டுமோ சொல்லும்? இதில ஊமை எண்டது பிழையான சொல்லும்கூட, காது கேளாத பிள்ளையள் கனபேருக்குக் குரல் நல்லா இருக்கு, கேக்காததாலதான் பேச்சு வரேல்லை, சைகை மொழியில அவை கதைக்கிற வேகத்துக்கு நாங்கள் ஈடுகொடுக்க ஏலாது.

இங்கிலீசுக்காரரும் இதே சேத்துக்கதான் நிக்கினம். 'ஹண்டிகேப்' எண்டா தொப்பியைக் கையில ஏந்திப் பிச்சை எடுக்கிறது, அதால அந்தச் சொல் கூடாது எண்டு ஒரு கதை எல்லா ட்ரெயினிங்கிலயும் சொல்லுவினம். கதை பிழை. அது 17ஆம் நூற்றாண்டில பண்டமாத்துக்கு விளையாடின ஒரு விளையாட்டு, தொப்பிக்குள்ள கையை விட்டு எடுக்கிறது, பிறகு குதிரை ஓட்டத்தில நல்லா ஓடுற குதிரைக்குக் கூடப் பாரம் ஏத்துறதுக்கு அந்தப் பேர் வந்து, அதில இருந்துதான் மனிசருக்கு வந்தது. பிறப்பு பிழையில்லை எண்டாலும் சொல் நிக்கேல்லை, இலங்கையிலயும் வேலை செய்த ஹண்டிகேப் இன்டர்நஷனல் எண்ட தொண்டு நிறுவனம் 2018இல தன்ர பேரையே ஹியூமனிட்டி அண்ட் இன்குளூஷன் எண்டு மாத்திப்போட்டுது.

இப்ப மாற்றுத்திறனாளிக்கு வருவம். தமிழ்நாட்டில கருணாநிதி முதலமைச்சரா இருந்த காலத்தில ஊனமுற்றோர் எண்டதை எடுத்துப்போட்டு அரசாங்கப் பேராவே வைச்சது, அங்கயிருந்து டிவியாலயும் பேப்பராலயும் இங்க வந்திட்டுது. இங்கிலீசில 'டிஃபரன்ட்லி ஏபிள்ட்' எண்டு சொன்னதின்ர தமிழ். நல்ல மனசோட வந்த சொல், அதை நான் மறுக்கேல்லை, 'உற்றோர்' போய் 'ஆளி' வந்தது பெரிய விசயம், உழைப்பாளி, படைப்பாளி எண்ட வரிசையில கொண்டுபோய் இருத்துது. ஆனா எங்கட பக்கத்து வளவில ஒரு அண்ணை இருக்கிறார், மிதிவெடியில முழங்காலுக்குக் கீழ போனது, பொய்க்கால் போட்டுத்தான் வயலுக்குப் போறவர், சேத்துக்க இறங்கேக்க கால் உள்ள போய்ப் பிடிச்சுக்கொள்ளும், இழுத்தா மனிசன் மட்டும் வருவார் கால் வராது, பிறகு வரம்பில இருந்து காலைக் கழுவித் துடைச்சு, துண்டுக் காலுக்குப் போடுற சொக்ஸையும் மாத்தித்தான் திரும்பப் போடவேணும். அவரிட்ட மாற்றுத்திறனாளி எண்டா சிரிப்பார். 'எனக்கென்னடாப்பா மாத்துத்திறன், முந்தி தென்னை ஏறினனான், இப்ப ஏறேல்லை, அதுக்குப் பதிலா பறக்கவோ வெளிக்கிட்டன்?' ஐநாவும் இதையேதான் சொல்லுது, அவையின்ர மொழி வழிகாட்டலில இப்பிடிச் சீனி பூசின சொல்லுகளைத் தவிர்க்கச் சொல்லி இருக்கு, விசேட தேவை எண்டதையும் சேத்து. சாப்பாடு, கக்கூஸ், பஸ், வேலை, இதில எது விசேட தேவை எண்டு கேட்டா ஆரிட்டயும் பதில் இல்லை. இந்தியாவில 2015இல மோடி 'திவ்யாங்', தெய்வீக அங்கம், எண்டு ஒண்டு கொண்டுவந்தவர், அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை, தெய்வத்துக்குப் படி ஏற ராம்ப் தேவையில்லை எண்டு அதிகாரிமார் நினைச்சிட்டாத்தான் சிக்கல்.

வன்னியில இந்தச் சொல்லுகளுக்கு இன்னொரு அடுக்கும் இருக்கு, அது வேற இடத்தில விளங்காது. சண்டை நடந்த காலத்தில காயம் எண்டது ரெண்டு வகையா இருந்தது. போராளிக்கு வந்தா விழுப்புண். அது பழைய சொல், 'விழுப்புண் படாதநாள் எல்லாம் வழுக்கினுள் வைக்கும்' எண்டு குறள் 776இல வருது, முன்னுக்கு நிண்டு வாங்கின புண், புண் படாத நாளெல்லாம் வீணாப்போன நாள் எண்டு எண்ணுறானாம் வீரன். அதே செல் பங்கருக்குப் பக்கத்தில விழுந்து ஒரு அம்மாவுக்குக் கை போனா அவவுக்கு அப்பிடி ஒரு சொல்லும் இல்லை, அவ காயக்காரர் எண்ட பொதுப்பேருக்க அடங்கிப்போவா. கால் செய்து போட்ட இடங்களின்ர பேரிலயும் குறை எண்ட சொல் வரேல்லை, கவனிச்சீங்களோ தெரியாது: கிளிநொச்சியில வெண்புறா, யாழ்ப்பாணத்தில 1987இல தொடங்கின ஜெய்ப்பூர் நிறுவனம். சனம் 'ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார்' எண்டுதான் சொல்லும், 1968 வாக்கில ராஜஸ்தானில செய்த ரப்பர் கால், செருப்பில்லாமலும் நடக்கலாம், குந்தி இருக்கலாம், தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது, எங்கட ஊருக்கெண்டே செய்த மாதிரி. சண்டை முடிஞ்ச 2009 மே மாசத்துக்குப் பிறகு விழுப்புண் எண்ட சொல்லை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லேல்லை, சொல்லப் பயம், எப்பிடிக் கால் போனது எண்டு கேட்டாலே ஆள் கதையை மாத்தும். நேற்று வரைக்கும் பெருமைச் சொல்லில இருந்த அதே கால் இண்டைக்குப் படிவத்தில அங்கவீனம் எண்டு ஏறிச்சுது. முள்ளந்தண்டில காயப்பட்டவையும் இடுப்புக்குக் கீழ இயங்காதவையும் சேந்து நடத்துற அமைப்புக்கு 'உயிரிழை' எண்டு பேர் வைச்சிருக்கினம், எனக்குத் தெரிய இந்த விசயத்தில வந்த ஆகத் திறமான தமிழ் அதுதான், உடம்பையும் சொல்லேல்லை, குறையையும் சொல்லேல்லை.

அப்ப சரியான தமிழ் என்ன எண்டு கேப்பியள். வலது குறைந்தோர் எனக்குச் சரி வரேல்லை, வல் எண்ட வேரில இருந்து வலம், வலிமை, வலது எல்லாம் வந்தது சரிதான், ஆனா இப்பத்தைய ஆளுக்கு வலது எண்டா வலது கைதான், இடது கை குறைஞ்சவர் என்ன செய்யிறது? மாற்றுவலு, மாற்றுத்திறன் ரெண்டுக்கும் ஒரே முறைப்பாடுதான். என்ர கணக்கில எங்கட வாயில ஏற்கனவே கிடக்கிற 'ஏலாது' நல்ல சொல். ஏல் எண்டது பழைய வினை, ஏலும், ஏலாது எண்டு நாங்கள் இப்பவும் தாராளமாப் பாவிக்கிறம். இதில ஒரு வசதி என்னெண்டா அது ஆளுக்குப் பட்டம் கட்டாது, ஒரு செயலைச் சொல்லும். 'அவருக்குப் படி ஏற ஏலாது' எண்டு சொன்ன உடன அடுத்த கேள்வி படியைப் பற்றி வரும், அங்கவீனர் எண்டு சொன்னா அந்தக் கேள்வி வரவே வராது. மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைகள் பற்றி 2006இல ஐநா ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையும், இலங்கை 2007இல கையெழுத்து வைச்சு 2016இல உறுதிப்படுத்தினது, கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது, உடம்பில உள்ள பாதிப்பும் வெளியில உள்ள தடையும் முட்டுற இடத்திலதான் இயலாமை வருது எண்டு. பொதுக் கட்டிடங்களுக்கு எல்லாரும் போகக்கூடியதா இருக்கவேணும் எண்டு 2006இலயே இங்க ஒழுங்குவிதி வந்திட்டுது, இருந்தும் படி படியாத்தான் கிடக்கு.

எழுத்தில பொதுவா ஒரு சொல் தேவைப்பட்டா, அந்த முறைப்பாடு இருந்தாலும், மாற்றுத்திறனாளி எண்டே போடுங்கோ, எல்லாருக்கும் விளங்கும், ஆரையும் குத்தாது. மற்றப்படி விசயத்தை விசயமாச் சொல்லுறதுதான் நல்லது: கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் இல்லாதவர், சக்கர நாற்காலியில வாறவர். விழிப்புலனற்றோர் எண்டதும் நல்ல சொல்தான், மேடைக்குச் சரி, வீட்டில ஆரும் அப்பிடிக் கதைக்கிறேல்லை. இன்னொண்டு, எங்கட பாசையில மரியாதை பேர்ச்சொல்லில பாதி, வினைமுற்றில பாதி. 'மாற்றுத்திறனாளி ஒண்டு வந்து நிக்குது' எண்டு ஒரு கந்தோரில என்ர காதால கேட்டிருக்கிறன், அவ்வளவு நல்ல சொல்லைப் போட்டும் 'ஒண்டு', 'நிக்குது'! 'கால் ஏலாத அண்ணை வந்து நிக்கிறார், கதிரை குடுங்கோ' எண்டா அதில ஒரு பிழையும் இல்லை.

விசர் எண்ட சொல்லைப் பற்றி எழுதாமல் விட ஏலாது. உனக்கென்ன விசரே, விசர்க்கதை கதையாத, இதுகள் இல்லாம எங்கட ஒரு நாளும் போகாது, அன்பாயும் வரும் கோவமாயும் வரும். ஆனா உண்மையா மனம் பாதிக்கப்பட்டு மருந்து எடுக்கிற ஆளுக்கும் ஊர் அதே சொல்லைத்தான் சொல்லுது, விசரன், விசரி எண்டு, கிளினிக்குக்குப் போறதை ஒளிக்கிறதுக்கு அந்தச் சொல் ஒண்டே காணும். மனநோயாளி எண்டது கொஞ்சம் பரவாயில்லை, 'மனதுக்குச் சுகமில்லை, மருந்து எடுக்கிறா' எண்டு சொல்லுறது அதைவிட நல்லது, காய்ச்சலுக்குச் சொல்லுற மாதிரியே வருது. நாய்க்கு வாற வருத்தத்துக்கு விசர்நாய்க்கடி எண்ட பேரோட நீர்வெறுப்பு நோய் எண்டும் இப்ப எழுதுகினம்.